கையால் ஊட்டுவதா, மூக்குக் குழாயா, வயிற்றுக் குழாயா?

மெட்டாக்ரோமேட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி உள்ள பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் விழுங்குவது சிரமமாகிவிடும். டாக்டர்கள் இந்த நோயைச் சுருக்கமாக எம்.எல்.டி. என்பார்கள். அந்தக் கட்டத்தில் வீட்டார் முன்னால் மூன்று வழிகள் நிற்கும். கையால் ஊட்டுவதையே தொடரலாம், மூக்கு வழியாகக் குழாய் போடலாம், வயிற்றில் சின்னத் துளையிட்டு நேரே இரைப்பைக்குக் குழாய் வைக்கலாம். என் மகளுக்காக மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தவள் நான். எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டியில். மாமனார், மாமியார் ஏற்காடு நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கிறார்கள். பாப்பா இரண்டு வீட்டிலும் வளர்கிறாள். ஊருக்கும் மலைக்கும் எது ஒத்துவரும் என்று சேர்த்தே யோசிக்க வேண்டியிருந்தது. பேட்டன் நோய், நீமன் பிக் நோய் போல நரம்பை மெல்ல மெல்லத் தின்னும் மற்றப் பரம்பரை நோய்கள் உள்ள வீடுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் கூடிக்கொண்டே போகும் என்று தெரிந்த பிள்ளைக்கு, நுரையீரல் நன்றாக இருக்கும்போதே வயிற்றுக் குழாய் வைத்துவிடுவது நல்லது. வைத்த பிறகும் ருசிக்காக வாயில் கொஞ்சம் கொடுக்க வேண்டும். ஆனால் எல்லா வீட்டுக்கும் எல்லா நேரத்துக்கும் இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். எங்கே மாறும் என்பதையும் சொல்கிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. உடலில் அரில்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதி சரியாகச் சுரக்காததால் சல்ஃபடைடு என்ற கொழுப்புப் பொருள் தேங்கி, நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை அழிக்கிறது. அதிகம் காணப்படும் வகை இரண்டரை வயதுக்கு முன்பே தொடங்கும். நடந்த பிள்ளை தடுமாறி விழும், பேசிய வார்த்தைகள் குறையும், கை கால் விறைக்கும், வலிப்பு வரும், பிறகு விழுங்குவது கெடும். அப்பா, அம்மா இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் கட்டிக்கொள்ளும் நம் பக்கத்தில் இருவரிடமும் ஒரே பழுது சேரும் வாய்ப்பு அதிகம். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் தம்பி தங்கை இருந்தாலோ, அடுத்த குழந்தையைப் பற்றி யோசித்தாலோ, இன்றே மரபியல் மருத்துவரைப் பாருங்கள். ஐரோப்பாவில் 2020 டிசம்பரிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை ஒன்று உண்டு. அறிகுறி தெரியும் முன்போ மிக ஆரம்பத்திலோ கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவில் அதன் விலை 42.5 லட்சம் டாலர். என் மகளைப் போல அறிகுறிகள் முற்றிய பிள்ளைக்கு அது உதவாது. எங்களுக்கு மிஞ்சியது இவளை நன்றாக வைத்துக்கொள்ளும் வேலை. அதில் சாப்பாட்டுக்கே முதலிடம்.

இந்தக் கேள்வி எப்போது எழுகிறது? ஒரு வேளைச் சாப்பாடு அரை மணிக்கு மேல் இழுப்பது, நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் ஊட்டுவதற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் போவது, குடித்த பிறகு குரல் ஈரமாகக் களகளவென்று கேட்பது, காரணம் தெரியாமல் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் திரும்பத் திரும்ப வருவது, எடை ஏறாமல் நிற்பது. இவற்றில் ஒன்று இரண்டு தெரிந்தாலே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். எடை பார்க்கக் கருவி தேடி அலைய வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். மாதம் ஒரு முறை நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டரிடம் "இளைச்ச மாதிரி இருக்கா" என்று சொல்வதைவிட அந்த நோட்டு அதிகம் பேசும்.

கையால் ஊட்டுவதில் ஆரம்பிக்கிறேன். நம் வீடுகளில் அன்பு என்பது பெரும்பாலும் சோறு வழியாகத்தான் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. குழாய் என்ற பேச்சு வந்ததும் என் மாமியார் கேட்டது இதுதான்: "ஏன் கண்ணு, இனி எம்பேத்திக்கு நான் ஒரு வாய்கூட ஊட்டக்கூடாதா?" அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் வைத்திருக்காத எந்த மருத்துவ ஆலோசனையும் நம் வீட்டில் நிற்காது.

விழுங்கும் சக்தி பாதியாவது இருக்கும்வரை கையால் ஊட்டுவதைப் பாதுகாப்பாக நீட்டிக்க முடியும். தண்ணீர், ரசம், பால் போல ஓடுகிற எதுவும் ஆபத்து அதிகம். அவை விழுங்கும் தசை தயாராகும் முன்பே தொண்டையைக் கடந்துவிடும். கெட்டியான கஞ்சி, நன்றாக மசித்த தயிர்சாதம், குழைய வேகவைத்த ராகிக் களி போல ஒரே பதமாக இருப்பவை பெரும்பாலும் பத்திரம். குழம்பில் மிதக்கும் காய்த்துண்டு போல, நீரும் திடமும் கலந்தது கூடாது. பிள்ளையை மடியில் மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, பாலாடையில் ஊற்றும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். கைக்குழந்தைக்குப் பழகிய கை அது, பாட்டிமார்களிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். முதுகு நிமிர்ந்து, தாடை சற்றே கீழே தாழ்ந்து இருக்க வேண்டும். வலிப்பு வந்து ஓய்ந்த நேரத்திலும் தூக்கக் கலக்கத்திலும் எதையும் கொடுக்கக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் ஒரு எல்லை இருக்கிறது. நமக்குப் புரை ஏறினால் இருமுகிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த இருமலும் நாளடைவில் மங்கிவிடும். உணவு சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், நமக்குத் தெரியவே தெரியாது. "எம்புள்ளைக்குப் புரையே ஏறுறதில்லை" என்பது அதனால் நிம்மதியான செய்தி ஆகாது. பேரியம் கலந்த உணவை விழுங்க வைத்து எக்ஸ்ரேயில் வீடியோவாகப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் வாக்குவாதத்தை முடித்தது அந்த வீடியோதான். எங்கே போகக்கூடாதோ அங்கே கருப்புக் கோடாக இறங்கியதை என் வீட்டுக்காரர் கண்ணால் பார்த்தார்.

மூக்குக் குழாயைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை கிடையாது, மயக்க மருந்து கிடையாது, நர்ஸ் சில நிமிடங்களில் போட்டுவிடுவார். நிமோனியா வந்து படுத்திருக்கும் பிள்ளைக்கு உடனே சத்து ஏற்ற இதைவிட வேகமான வழி இல்லை. வயிற்றுக் குழாய்க்கு முன்பு சில வாரம் இதை வைத்துப் பார்ப்பதிலும் பயன் உண்டு. எடை ஏறுகிறதா, வாந்தி வருகிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் இதை மாதக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. குழாய் தொண்டையில் உரசிக்கொண்டே இருப்பதால் எச்சிலும் சளியும் கூடும், மிச்சமிருக்கும் விழுங்கும் திறனும் குறையும். பிளாஸ்திரி ஒட்டிய கன்னம் புண்ணாகும். சாதாரணக் குழாயை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும், சிலிக்கோன் குழாய் நாலு முதல் ஆறு வாரம் தாங்கும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பிள்ளை படும் பாட்டைப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், குழாய் நுனி இரைப்பையில் இல்லாமல் மூச்சுக்குழாயில் இருப்பது. ஊசிக்குழலால் காற்றைத் தள்ளி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்டால் சரி என்று பல இடங்களில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நம்பக்கூடாது. குழாயிலிருந்து கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி, அமிலத்தின் அளவைக் காட்டும் பி.எச். தாளில் தொட்டுப் பார்க்க வேண்டும். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் இரைப்பை. அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு எண் கூடுதலாகக் காட்டலாம். அப்போது ஊட்டாமல் டாக்டரைக் கேளுங்கள். இந்தத் தாளை டிஸ்சார்ஜ் ஆகும்போதே வாங்கி வந்துவிடுங்கள். நரம்புப் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கான ஐரோப்பியக் குழந்தை உணவியல் மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதலும் மூக்குக் குழாய் குறுகிய காலத்துக்கு, நீண்ட காலத்துக்கு வயிற்றுக் குழாய் என்றே பிரிக்கிறது. நாலு ஆறு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால் அடுத்ததைப் பேசத் தொடங்கலாம்.

வயிற்றுக் குழாய் என்றதும் பெரிய ஆபரேஷன் என்று பயப்படுகிறோம். வயிற்றை அறுக்காமல் எண்டோஸ்கோப் உதவியோடு குழாய் வைக்கும் முறை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் முதன்முதலாகச் செய்யப்பட்டது ஒரு கைக்குழந்தைக்குத்தான். பெரியவர்களுக்கு அது பரவியது பிறகு. வாய் வழியாக விளக்குள்ள குழாயை இறக்கி, வெளியே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துச் சின்னத் துளையிட்டு, குழாயை இழுத்து வைப்பார்கள். நேரம் கொஞ்சம்தான். ஆனால் மயக்க மருந்து தேவை. எங்கள் முடிவு அந்த மயக்க மருந்தைச் சுற்றியே நின்றது. இரண்டு மூன்று நிமோனியா வந்து நுரையீரல் பழுதான பிறகு மயக்க மருந்தின் ஆபத்து கூடிவிடும். இன்று "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பது, நாளை "இப்போ மயக்க மருந்து குடுக்க முடியாது" என்ற பதிலில் போய் முடியலாம்.

எம்.எல்.டி. பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொரு செய்தி. இந்த நோயில் பித்தப்பையிலும் சல்ஃபடைடு தேங்கும், உள்ளே கட்டிகள் போல வளரலாம். வயிற்றில் கை வைக்கும் முன்பு அல்ட்ராசவுண்டில் பித்தப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் அழும் பிள்ளையின் வலி சில நேரம் அங்கிருந்து வரும்.

வைத்த பிறகு கிடைக்கும் நன்மைகளில் எடை ஏறுவதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது நேரம். வலிப்பு மருந்து முழு அளவில் உள்ளே போகிறது, துப்பியதில் எவ்வளவு போனது என்று கணக்கிட வேண்டியதில்லை. தண்ணீர் ஒழுங்காக உள்ளே போவதால் மலச்சிக்கலும் குறைந்தது. ஊட்டுவதிலேயே போன பொழுது பிசியோவுக்கும் கதைக்கும் திரும்பி வந்தது. பாப்பாவுக்குக் கண் தெளிவாகத் தெரிவதில்லை, ஆனால் காது கேட்கும். அப்பா பாட்டுப் பாடினால் முகம் மாறும்.

தீமைகளையும் மறைக்கக் கூடாது. துளையைச் சுற்றிச் சிவந்த சதை வளரும், கசியும், சில நேரம் சீழ் வைக்கும். எச்சில் புரையேறுவதை இந்தக் குழாய் நிறுத்தாது. வயிற்றிலிருந்து எதுக்களித்து மேலே வருவதையும் நிறுத்தாது. எதுக்களிப்பு மோசமாக இருந்தால் அதற்கென்று தனி அறுவை தேவையா என்று முன்பே பேச வேண்டும். ஊட்டும்போதும் அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். படுத்தே இருக்கும் பிள்ளைக்கு ஓடியாடும் பிள்ளையின் அளவு கலோரி தேவையில்லை. குழாயில் சுலபமாகப் போகிறதே என்று அள்ளி ஊற்றினால் உடம்பு வைத்து, மூச்சும் தூக்குவதும் சிரமமாகும். உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்த அளவில் நில்லுங்கள்.

எதை ஊற்றுவது? டப்பா மாவு ஒரு வழி. வீட்டுச் சாப்பாட்டை அரைத்து வடிகட்டுவது இன்னொன்று. டப்பாவில் சத்து அளவு கச்சிதம், கிருமி பயம் குறைவு, செலவு கூடுதல். வீட்டுக் கஞ்சி மலிவு, பல பிள்ளைகளுக்கு வயிறும் ஒத்துக்கொள்ளும், ஆனால் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். ராகியும் பருப்பும் நன்றாக வேகாவிட்டால் நிச்சயம் அடைக்கும். நாங்கள் இரண்டையும் கலந்து செய்கிறோம், அளவு டயட்டீஷியன் சொன்னது. ஒவ்வொரு முறையும் முடிந்ததும் ஆறவைத்த கொதித்த நீரால் குழாயைக் கழுவ வேண்டும், மருந்துக்குப் பிறகும்தான். மாத்திரையை இடித்துப் போடும் முன்பு கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரையில் மேல்பூச்சு உள்ளதையும் மெதுவாகக் கரைவதையும் இடிக்கக்கூடாது, சிரப் கேளுங்கள்.

இனி மலைக்கும் ஊருக்கும் வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் ஒரே குழாய் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சேலத்தில் குழாய் வெளியே வந்துவிட்டால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்விடலாம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சுமார் 30 கிலோமீட்டர் வர வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது. வயிற்றுத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். அதனால் மலை வீட்டில் வயிற்றுக் குழாயின் அதே அளவில் ஃபோலி கதீட்டர் (நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய்) ஒன்று எப்போதும் இருக்க வேண்டும், அதை மெதுவாக நுழைத்துத் துளையைத் திறந்து வைக்க வீட்டில் இருவருக்காவது நர்ஸிடம் பயிற்சி வேண்டும். இது துளை நன்றாக ஆறிய பிறகுதான். முதல் வாரங்களில் வெளியே வந்தால் வீட்டில் எதையும் நுழைக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

இதைப் படித்து, மலைவாசிகளுக்கு மூக்குக் குழாயே சுலபம் என்று நினைக்கலாம். நானும் கணவரும் அதைப் பேசினோம். ஆனால் மூக்குக் குழாய் அடிக்கடி வெளியே வரும், திரும்பப் போடத் தெரிந்த கை பக்கத்தில் வேண்டும், மலைக் குளிரில் மூக்கடைப்பு வேறு. துளை ஆறிய பிறகு முதல் குழாய்க்குப் பதிலாக வைக்கும் குட்டையான பட்டன் குழாயோ சட்டைக்குள் தட்டையாகக் கிடக்கும், மாதக்கணக்கில் தாங்கும். தண்ணீர் பலூனால் நிற்கும் பட்டனில் வாரம் ஒரு முறை பலூன் நீரின் அளவைப் பார்த்தால் போதும். மலைக்கே பட்டன்தான் அதிகம் பொருந்தும் என்பது என் எண்ணம். பயணத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயிறு நிறைந்த பிள்ளையோடு அந்த வளைவுகளில் ஏறாதீர்கள். அடிவாரம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊட்டி முடியுங்கள், மேலே போய் அடுத்த வேளை. சளி உறிஞ்சும் மெஷின் இருந்தால் மின்சாரம் போகும் மலைக்குப் பேட்டரியில் ஓடுவதோ காலால் மிதிப்பதோ கூடவே வேண்டும்.

எங்கே செய்வது என்பதில் நான் ஊர் பெயரைவிட மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டர் இருக்கிறாரா, பட்டன் மாற்றும்போதும் அங்கேயே பார்ப்பார்களா, இரவில் போன் எடுப்பார்களா. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் முதலில் விசாரியுங்கள். பக்கத்தில் இருப்பதன் மதிப்பு பின்னால் தெரியும். வேலூர் சி.எம்.சி.யும் பெங்களூரு நிம்ஹான்ஸும் இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். நோயை உறுதிசெய்யவும் மரபியல் ஆலோசனைக்கும் அந்தத் தூரம் தகும். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை சுமார் 340 கிலோமீட்டர். அரிய நோய்களுக்கான மத்திய அரசின் உயர்சிறப்பு மையங்களில் அதுவும் ஒன்று. 2021 தேசியக் கொள்கையின்படி தகுதியுள்ள நோய்களுக்கு இந்த மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பதிவு செய்யும்போது உங்கள் பிள்ளையின் நோய்க்கு எது கிடைக்கும் என்று நேரடியாகக் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. தீவிரப் பாதிப்புள்ளவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோவும் வலி தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். மலைக் கிராமத்துக்கு அது பெரிய கை.

என் மாமியார் கேட்டதற்குப் பதில் இப்போது சொல்ல முடியும். வயிறு குழாயில் நிறைந்த பிறகு வாய் ருசிக்கு மட்டும். சேலம் குண்டு மாம்பழச் சாற்றை விரலில் தொட்டு நாக்கில் தடவுவது, ஆடி மாதம் மாரியம்மன் கோயில் கூழை நுனி விரலில் வைப்பது. எவ்வளவு வரை பத்திரம் என்று விழுங்கும் பயிற்சி நிபுணர் சொல்வார். எங்களுக்குச் சொன்னது சில துளி. பசிக்காக அடித்துப் பிடித்து ஊட்ட வேண்டிய அவசரம் போனதும், பாட்டிக்கும் பேத்திக்கும் அந்தச் சில துளியில் சண்டை இல்லை. வாயைத் துணியால் துடைத்துச் சுத்தமாக வைப்பது மட்டும் முன்பைவிட அவசியம், எச்சிலில் கிருமி சேர்ந்தால் அது நுரையீரலுக்குத்தான் போகும்.

குழாயே வேண்டாம் என்று முடிவெடுக்கும் வீடுகளும் உண்டு. நோய் மிக முற்றி, மயக்க மருந்தைத் தாங்காத நிலையில், பிள்ளைக்குப் பிடித்ததைப் பிடித்த அளவு மட்டும் கொடுத்து, வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் வைத்திருப்பதும் மருத்துவம்தான். வலி தணிப்பு மருத்துவர் துணையோடு, தெரிந்தே எடுத்த முடிவாக இருந்தால் அந்த வீட்டை நோக்கி "சோறு போடாம விட்டுட்டாங்க" என்று யாரும் பேசக்கூடாது. பேசுபவர்கள் ஒரு இரவு அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். குழாய் வைத்த பிறகும் ஊட்டும் அளவைக் குறைக்கும் நாள் வரலாம், வயிறு தாங்காதபோது. அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே பேசி எழுதி வைத்திருக்கிறோம், எந்த நிலையில் ஐ.சி.யூ. வேண்டும், எந்த நிலையில் வேண்டாம் என்பதோடு சேர்த்து.

வயிற்றுக் குழாய் என்று முடிவாகிவிட்டால் நாளையும் பார்த்துக் குறியுங்கள். துளை ஆற நாலு முதல் ஆறு வாரம், பட்டன் மாற்ற அதற்கும் மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையை நம்ப முடியாது, மார்கழிப் பனியில் சளி கூடும். ஏற்காட்டில் இருப்பவர்கள் மாசி, பங்குனியில் செய்துகொண்டு, ஆறும்வரை சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மேலே போவது நல்லது. ஐப்பசிக்குள் பட்டனும் போட்டு, வீட்டில் இருவர் கையும் பழகியிருக்கும்.